ஆபிரிக்காவுக்குப் போகும் சிஸ்டர்

கல்முனைச் சந்தியில் மட்டக்களப்பு பஸ் புறப்படத் தயாராக நிற்கிறது. என் முன் ஆசனத்தில் இருக்கும் கன்னியாஸ்திரி ஆறு வருஷமாக இந்தக் கரையில் பிள்ளைப்பேறு பார்த்தவர். இப்போது ஆபிரிக்காவில் ஏதோ காட்டூர் மிஷனுக்கு மாற்றலாகிப் போகிறார். அதைக் கேள்விப்பட்டு மருதமுனையிலிருந்து சுலைஹா என்ற நிறைமாதக்காரி மாட்டுவண்டியில் வந்து இறங்கியிருக்கிறாள். அவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லையாம்.

சிஸ்டர் பஸ்ஸை விட்டு இறங்குகிறார். கூட வந்த பெண்கள் சேலையை விரித்து மறைப்புப் பிடிக்க, சுலைஹாவின் வயிற்றைத் தடவிப் பார்த்து, மரக்குழலை வைத்துப் பிள்ளையின் துடிப்பைக் கேட்கிறார். கண்டக்டர் மறுபக்கம் திரும்பி நின்று பீடி பற்றவைக்கிறான்.

“புள்ள இன்னும் குறுக்கத்தான் கிடக்கு. நோவு வர முந்தியே ஆசுபத்திரிக்குப் போயிரு.”

“அங்க ஆம்புள டொக்டர்தானே சிஸ்டர். ஊட்டுக்காரர் உடமாட்டார்.”

சிஸ்டர் திரும்பி ஏறி உட்கார்ந்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “இன்னும் பத்து நாள் நிக்கேலாதா, சிஸ்டர்?” என்று கேட்டுவிடுகிறேன்.

“கேட்டுப் பாத்தன் தம்பி. கப்பல் நிக்காதாம். சபை சொன்னா நாங்க போகத்தான் வேணும்.”

சுலைஹா ஜன்னலோரம் வந்து கம்பியைப் பிடிக்கிறாள்.

“நீங்க போற ஊரில புள்ளப்பேறு பாக்க ஆரு இரிக்கா?”

“ஒருத்தரும் இல்லியாம்.”



“அப்ப போங்க” என்கிறாள்.

சொன்னவள் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. கண்டக்டர் இரண்டாம் தரமும் மணியடிக்கிறான்.