விஜயலெட்சுமியின் வலது கண்

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் விஜயலெட்சுமிக்கு முதலில் வலது கண் மங்கியது, பிறகு இடது. மலையில் பனி இறங்கினால் யாருக்குத்தான் கண் தெரியும் என்று அவள் பொருட்படுத்தவில்லை. பனி விலகின பிறகும் செடி மங்கலாகவே நின்றபோதுதான் பயம் வந்தது. கொழுந்தோடு முற்றின இலையும் கூடையில் விழுந்தது. நிறுக்கிற இடத்தில் கங்காணி வீரசிங்கம் அதைக் கிளறிப் பார்த்துக் கத்தினார்.

"கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டுப் பறிம்மா!"

"தொறந்துதாங்க வச்சிருக்கேன்."

அவள் புருஷன் ரெங்கசாமி பஸ் மாறி மாறி அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் நல்ல மனுஷர். கண்ணைச் சோதித்துப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். சிற்றூழியர் கம்சலா அதைத் தமிழாக்கினாள்: "ரெண்டு கண்ணுலயும் புரைம்மா. ஆபரேஷன் ப்ரீ. ஆனா கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ் இங்க முடிஞ்சிருச்சு. வெளியில வாங்கிட்டு வந்தா வச்சு விடுவாங்க."

"அப்ப எது ப்ரீ?" என்றாள் விஜயலெட்சுமி. கம்சலா அதை டாக்டரிடம் மொழிபெயர்க்கவில்லை.

தோட்டத்தில் வாங்கின தீபாவளி முற்பணத்தையே இன்னும் கட்டி முடிக்காத குடும்பம். குடியிருந்த லயத்துக்குப் பின்னால் கட்டியிருந்த கறவை மாட்டை ரெங்கசாமி விற்றார். அதுவும் ஒரு லென்ஸுக்குத்தான் போதுமாயிருந்தது. லென்ஸ் வாங்கின கடையில் இருந்த பையன் றிஸாத் பில்லை நீட்டிக்கொண்டே, "இன்சூரன்ஸ் இருந்தா இதக் குடுத்துக் காச எடுத்துக்கலாம்மா" என்றான்.

"தோட்டத்துல எங்களுக்கு யாருப்பா அதெல்லாம் குடுக்குறாங்க?"

லென்ஸை மாராப்பில் சுற்றி இடுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிரஷர் ஏறியிருக்கிறது, குறைந்ததும் வா என்று திருப்பி அனுப்பினார்கள். தோட்டத்து மருந்தறையில் பிரஷர் மாத்திரை இல்லை. அதையும் வெளியில் வாங்கி விழுங்கினாள். அடுத்த தடவை போனபோதும் பிரஷர் இறங்கவில்லை.

"வீட்டுக்குப் போயிட்டு வாங்கம்மா" என்றாள் கம்சலா.

விஜயலெட்சுமி கத்தினாள். "எத்தன வாட்டி போயிட்டு வர்றது? வேலைக்குப் போகாத நாளைக்குச் சம்பளம் யாரு குடுப்பா? இங்க வந்தாத்தான் எனக்குப் பிரஷரே ஏறுது! மாட்ட வித்து வாங்குன சாமான். உள்ள வைக்காம நான் போக மாட்டேன்!"

வாங்கில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கம்சலா கிட்டே வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்: "சத்தம் போட்டா இன்னும் ஏறும்மா. பேசாம இப்புடி ஒக்காருங்க. பின்னேரம் இன்னொருக்காப் பார்க்கச் சொல்றேன்."

உட்கார்ந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, ரெங்கசாமியோடுகூடப் பேசாமல் உட்கார்ந்தே இருந்தாள். பின்னேரம் அளந்தபோது பிரஷர் இறங்கியிருந்தது. அன்றே வலது கண்ணுக்கு லென்ஸ் வைத்தார்கள்.

கட்டை அவிழ்த்ததும் ரெங்கசாமியின் முகம் பளிச்சென்று தெரிந்தது. இந்த மனுஷர் எப்போது இவ்வளவு இளைத்துப்போனார் என்று அவளுக்குத் திக்கென்றது.

"இடது கண்ணுக்கும் ஒரு லென்ஸ் வாங்கிட்டு வந்துருங்க" என்றாள் கம்சலா.

விற்க இனி மாடில்லை. ஒற்றைக் கண் பார்வையில் விஜயலெட்சுமி மறுபடி மலைக்கு ஏறுகிறாள். வெயில் பட்டால் அந்தக் கண்ணும் கூசித் தண்ணீர் விடுகிறது. கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு லென்ஸ் வந்துவிட்டதா என்று கேட்கிறாள். வரவில்லை என்கிறார்கள். எப்போது வரும் என்று கேட்டால், அது யாருக்கும் தெரியவில்லை.