கறுத்துப்போன ஈ.சி.ஜி.

போன மார்கழி, போகிக்கு நான்கு நாள் முன்பு, ஸ்ரீரங்கத்தில் நடந்தது இது. ஆனால் தவறு நான் செய்தது அதற்கும் ஏழு மாதம் முன்பு. அதிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

என் மனைவி லால்குடியில் ஒரு பள்ளியில் ஆசிரியை. சில வருடங்களுக்கு முன் அங்கே ஒரு டாக்டர் அவளுக்கு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு இயல்பே இப்படித்தான். புதுசா பார்க்கிறவங்க மாரடைப்புன்னு பயந்துடுவாங்க. எங்கே போனாலும் முதல்ல இதைக் காட்டுங்க” என்று சொல்லி அந்தத் தாளைக் கொடுத்திருந்தார். அது கொஞ்சம் கொஞ்சமாக மங்க ஆரம்பித்தது. நான் அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளுகிறவன். காகிதம் என்றால் பத்திரமாக இருந்தாக வேண்டும் எனக்கு.

எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு லாமினேஷன் செய்ய எடுத்துப் போனேன். கடையை நடத்துவது நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. தாளை வாங்கியவர் நான் வாயைத் திறப்பதற்குள் ஜெராக்ஸ் மெஷினில் வைத்து ஒரு நகல் எடுத்துவிட்டார்.

“சார், இது சூடு பட்டா கறுத்துடும். நகலை லாமினேட் பண்ணித் தரேன். ஒரிஜினலை அப்படியே கவர்ல போட்டு வெச்சுக்குங்க.”

“டாக்டர் ஒரிஜினலைத்தான் கேப்பாரு. அதையே பண்ணுங்க” என்றேன்.

“பண்ண மாட்டேன் சார்” என்றார்.

அதற்கு முன்பு என் பட்டச் சான்றிதழை எடுத்துப் போனபோதும், நாளைக்குப் பின்பக்கம் சீல் வைக்க வேண்டி வந்தால் முடியாது என்று திருப்பி அனுப்பியவர்தான் அவர். எதற்கெடுத்தாலும் முடியாது என்கிற ஆள் என்று முடிவு கட்டினேன். நகலை மேஜையிலேயே விட்டுவிட்டு, ஒரிஜினலை மட்டும் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினேன்.

மறு வாரமே சொந்தமாக ஒரு லாமினேஷன் மெஷின் வாங்கிவிட்டேன். முழுத்தாள் நுழையும் அளவு, பிளாஸ்டிக் உறை தடிமனாக இருந்தாலும் தாங்கும். உறையின் ஒட்டிய பக்கம் முதலில் உள்ளே போக வேண்டும், ஓரத்தை ஒட்ட வெட்டக் கூடாது என்று குறிப்புப் புத்தகத்தை வரி விடாமல் படித்தேன். எந்தத் தாளை உள்ளே விடக் கூடாது என்ற பக்கம் மட்டும் கண்ணில் படவில்லை, அல்லது படிக்க மனம் வரவில்லை. பஸ் நேர அட்டவணை, கேஸ் புத்தகம், மருந்துப் பட்டியல் என்று எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் சட்டை போட்டேன். “அடுத்து என்னையும் உள்ளே விட்டுடுவீங்க போலிருக்கு” என்றாள் மனைவி.

ஒரு ஞாயிறு பிற்பகல், அவள் கடைக்குப் போயிருந்தபோது, ஈ.சி.ஜி.யை மெஷினுக்குள் விட்டேன். மெஷினின் முன்பக்கம் வெள்ளையாக நுழைந்த தாள் பின்பக்கம் கன்னங்கரேலென்று வெளியே வந்தது. ஒரு கோடு தெரியவில்லை. ஓரத்தில் ஒரு குமிழ்கூட இல்லாமல், நான் செய்ததிலேயே மிக நேர்த்தியான லாமினேஷன் அதுதான்.

அவள் வந்ததும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஃபைலின் அடியில் சொருகி வைத்தேன். “அந்த ஈ.சி.ஜி.யும் பண்ணியாச்சா?” என்று கேட்டாள். “ஆச்சு” என்றேன். ஒருவிதத்தில் அது உண்மைதான். மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நாளைத் தள்ளினேன், நாள் மாதமானது.

மார்கழியில் ஒரு காலை அவளுக்கு நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் வந்தது. ஆட்டோ பிடித்துத் தில்லை நகரில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது.

“இதுல மாற்றம் தெரியுது. இது புதுசா, முன்னாடியே இருந்ததான்னு தெரிஞ்சா நல்லது. பழைய ஈ.சி.ஜி. இருக்கா? இல்லேன்னா புதுசுன்னு எடுத்துக்கிட்டு உடனே ஆஞ்சியோவுக்குப் போகணும்.”

“இருக்கு டாக்டர். இவர் லாமினேட் பண்ணிப் பத்திரமா வெச்சிருக்கார்” என்றாள் அவள், படுத்தபடியே.

“எடுத்துட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அப்போதும் பொய்தான். லால்குடி டாக்டருக்குப் போன் செய்தேன். கிளினிக்கை மூடி வருடம் ஆகிவிட்டது, பழைய பதிவு எதுவும் இல்லை என்றார். அப்போதுதான் மேஜையில் விட்டு வந்த நகல் ஞாபகம் வந்தது. ஏழு மாதத்துக்கு முந்தைய தாள். இருக்காது என்று தெரிந்தும் ஆட்டோவில் ஏறினேன்.

வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் இன்னும் வடிந்திருக்கவில்லை. காவிரிப் பாலத்தில் ஆட்டோ ஊர்ந்தது. கடையில் அந்தப் பெண்மணியிடம் நடந்ததைச் சொன்னேன். தாள் கறுத்ததையும் சேர்த்து. அதை முதன்முதலில் சொன்னது அவரிடம்தான்.

அவர் கீழேயிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்து மேஜைமேல் கவிழ்த்தார். ஆதார் நகல், மார்க் ஷீட், வாடகைப் பத்திரம் என்று ஜனங்கள் மறந்துவிட்டுப் போன தாள்கள்.

“போகி வரைக்கும் எதையும் தூக்கிப்போட மாட்டேன் சார். யாராவது தேடி வருவாங்க. இன்னும் நாலு நாள் கழிச்சு வந்திருந்தீங்கன்னா எரிச்சிருப்பேன்” என்றபடியே தேடினார்.

பாதிக்கு மேல் புரட்டிய பிறகு கிடைத்தது. மனைவியின் பெயர், தேதி, கோடுகள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. நான் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. திரும்பி மெஷினில் வைத்து இரண்டு நகல் எடுத்து, ஒன்றைப் பெட்டியிலேயே போட்டுவிட்டு மீதியைக் கொடுத்தார்.

“வழியில தொலைஞ்சா திரும்பி வாங்க. மேடத்துக்கு எப்படி இருக்குன்னு அப்புறம் வந்து சொல்லுங்க” என்றார். பழைய பேச்சை எடுக்கவே இல்லை.

டாக்டர் அன்று எடுத்த ஈ.சி.ஜி.யையும் பழைய நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “அதே மாதிரிதான் இருக்கு. அவசரப்பட வேண்டாம்” என்றார். ரத்தப் பரிசோதனையும் அடுத்த ஈ.சி.ஜி.யும் பார்த்த பிறகு, இதயத்தில் கோளாறு இல்லை என்று மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதற்கு முன்பே மனைவி கேட்டுவிட்டாள். “இது சாதா ஜெராக்ஸாச்சே, லாமினேட் பண்ணினது எங்கே?” மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். “கறுத்தா கறுத்துட்டுப் போவுது. அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னொண்ணு எடுத்து வெச்சிருப்பேனே” என்றாள்.

போகியன்று பழைய காகிதங்களைக் கழித்தபோது அந்தக் கறுப்புத் தாள் அவள் கையில் கிடைத்தது. தூக்கிப்போடாமல் ஃபைலின் மேலேயே வைத்துவிட்டாள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதுதான் முதலில் தெரிகிறது. தாள் கறுக்கச் சில விநாடிகள்தான் ஆயிற்று. அதை அவளிடம் சொல்ல எனக்கு ஏழு மாதம் ஆயிற்றே என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.