கயிற்றில் தொங்கிய கம்ப்யூட்டர்

புன்னைக்காயலில், தாமிரபரணி கலக்கும் இடம் தாண்டிக் கடலில் எங்கள் படகு நிற்கிறது. கடலடியில் சங்குகளைக் கண்ட குதூகலத்தில், ஆழத்தின் அழுத்தம் உடம்பிலிருந்து தணிய வழியில் ஐந்து நிமிடம் நின்று வர மறந்து நேராக மேலே வந்துவிட்டேன். மணிக்கட்டில், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் முக்குளிப்புக் கம்ப்யூட்டர் அதற்காக ஓயாமல் கத்துகிறது. எனக்கோ மறுபடி இறங்க வேண்டும். நான் நின்று வந்ததாக அது நம்பட்டுமென்று, அதைக் கழற்றிக் கயிற்றில் கட்டி, ஐந்து நிமிடம் தண்ணீருக்குள் தொங்கவிடுகிறேன்.

படகுக்காரர் கயிற்றைப் பைய இழுத்துப் பார்க்கிறார்.

“ஏம்மா, ரத்தத்துல காத்துக் குமிழி ஒனக்கா, இந்தப் பெட்டிக்கா?”

“கத்துறது நின்னுடுச்சே, அண்ணாச்சி!”

“அப்ப அது மட்டும் எறங்கட்டும். நீ இன்னைக்கு இங்கனயே இரி.”

படகே சிரிக்கிறது, என்னாலும் அடக்க முடியவில்லை. மற்றவர்கள் குதிக்கிறார்கள். அவர் அடிக்கடி என் விரல்களை மடக்கி நீட்டச் சொல்லி, குமிழியால் மரத்துப்போகிறதா என்று கேட்கிறார். பத்தும் மடங்குகின்றன. ஒவ்வொரு முறையும் இருவரும் சத்தமாக எண்ணுகிறோம்.