சைக்கிளுக்கு விழாத பச்சை

இந்த ராத்திரி நேரத்தில் பள்ளிப் பெற்றோர் குரூப்பில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

திருத்தங்கல் ரோட்டில் புதிதாகப் போட்ட சென்சார் சிக்னல் சைக்கிளைக் கண்டுகொள்வதில்லை. பைக்கோ வேனோ வந்து நின்றால்தான் பச்சை விழும்.

இன்று காலை என் பக்கம் வண்டி எதுவும் வரவில்லை. பள்ளிக்கு நேரமாகிவிட்டது. பாப்பாவைக் கேரியரில் வைத்துக்கொண்டு சிவப்பிலேயே தாண்டிவிட்டேன்.

பின்னால் தீப்பெட்டி கம்பெனிக்குப் போகிற அக்கா ஒருவரும் சைக்கிளில் தாண்டியிருக்கிறார். குறுக்கே வந்த லாரி பிரேக் அடித்ததில் தடுமாறி விழுந்தார். முழங்கையெல்லாம் ரத்தம்.

"ஏத்தா, சிவப்பு கண்ணுக்குத் தெரியலையா?" என்று கத்தினார் டிரைவர்.

அக்கா என்னைக் காட்டினார். "பிள்ளைய வச்சுக்கிட்டு அவுகளே போறாகளேன்னுதான் நானும் வந்தேன்."

மருந்துக்கடைக்குக் கூப்பிட்டேன். "நீங்க பிள்ளையக் கொண்டுபோய் விடுங்க, நேரமாச்சுல்ல" என்று கிளம்பிவிட்டார்.

நாளை காலை அந்தப் பக்கம் பைக்கில் வருகிறவர்கள், பச்சை விழும்வரை சைக்கிளில் வரும் எங்கள் பக்கத்தில் வந்து கொஞ்சம் நிற்பீர்களா? சீக்கிரம் பதில் போடுங்கள்.