கவிழ்த்து வைத்த மூடி

தையல்காரரின் நாலு பெண்களில் மூன்றாமவள் அவள். மூத்தவள் லாரிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டாள், இரண்டாமவள் டீச்சர், கடைக்குட்டி கடல் கடந்து போய்விட்டாள். மூன்றாமவளுக்கு மட்டும் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. இருபத்தாறு வருஷமாக ஒரே அறை. அங்கே அவளுக்குச் சில்லக்கா என்றுதான் பெயர்.

சில்லு என்பது நகக்கண் அளவு வெள்ளைத் துண்டு, பார்வைக்கு உப்புக்கல். கதிர் பட்டால் வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும். சூடாக்கினால் வாங்கியதற்குத் தக்க ஒளி விடும். அந்த ஒளியை மெஷின் அளந்து சொல்லும். ஆனால் ஒரு தடவைதான். அதோடு கணக்கு அழிந்துவிடும். பிறகும் அடியில் ஒட்டியிருக்கும் மிச்சம் போக அடுப்பில் ஒரு மணி நேரம் சுட்டால்தான் சில்லு அடுத்த ஆளுக்கு ஆகும். சுட்ட சில்லு இருக்கும் தட்டின் மூடியைக் கவிழ்த்து வைப்பாள், சுடாததை நிமிர்த்தி வைப்பாள். அது அவளே போட்ட சட்டம்.

அன்று கழுத்துக்கட்டிக்குக் கதிர் வைக்க வந்த பெண்ணுக்கு வயிற்றில் ஐந்து மாதம். பிள்ளைக்கு எவ்வளவு எட்டுகிறது என்று பார்க்க நெஞ்சுக்குக் கீழே, தொப்புளில், அடிவயிற்றில் என்று மூன்று சில்லு ஒட்டி முதல் நாள் கதிரை வைத்தார்கள். அளவு மீறினால் வைத்தியத்தை நிறுத்த வேண்டியதுதான். நிறுத்தினால் கட்டி பிரசவம் வரைக்கும் காத்திருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "இத்தனூண்டு கல்லா எம் பேரப்புள்ளைக்கு ஜோசியம் சொல்லப்போகுது?" என்று அந்தப் பெண்ணின் மாமியார் வராந்தாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

சில்லக்கா மூன்றையும் சூடாக்கினாள். முதலாவது சரி. இரண்டாவது அதைவிடக் குறைவு. மூன்றாவது மளமளவென்று ஏறி, முதலாவதைப்போல் ஏழு மடங்கில் நின்றது.

கதிர்க் கணக்கைப் பார்க்கும் பிசிக்ஸ் சார் தாளைப் பார்த்ததும் முகம் கறுத்தார். கதிர் மெஷினில் எங்கோ கசிகிறது, அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிடலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்தார்.

சில்லக்கா மூன்று எண்ணையும் மறுபடி பார்த்தாள். கழுத்துக்கு அதிக தூரத்தில் இருந்த சில்லு எப்படி அதிகம் வாங்கும்? காலையில் ஒரு சில்லு கை தவறித் தரையில் விழுந்துவிட்டது. அதற்குப் பதில் அடுப்புக்குள் மூடி கவிழ்ந்திருந்த தட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். முந்தின நாள் கதிர் மெஷினைச் சோதிக்க நேர்க் கதிரில் வைத்த தட்டு அது. ஓடிப்போய் அடுப்பைப் பார்த்தாள். அடுப்பின் கடிகார முள் நாலாம் நிமிஷத்திலேயே நின்றிருந்தது. எப்படியும் சுடத்தானே போகிறது என்று உள்ளே வைக்கும்போதே மூடியைக் கவிழ்த்துவிடுவது அவள் வழக்கம். நேற்று வைத்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகு கரண்ட் போயிருக்கிறது.

சில்லோ வாயை மூடிக்கொண்டது. இனி யாரும் அதைக் கேட்க முடியாது. அவள் பேசாமல் இருந்தால் கதிர் மெஷின் தலையில் பழி விழும், அவள் பேர் கெடாது. அந்தப் பெண்ணுக்குக் கதிர் நின்றுபோகும்.

படியில் சாரை மறித்தாள்.

"சார், போகாதீங்க. அது வயித்துக் கணக்கு இல்ல. சுடாத சில்ல நான் ஒட்டிட்டேன்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"அடுப்பப் பாத்தேன் சார். நிச்சயம்."

"உங்க வாயச் சாட்சியா வச்சு ஒரு புள்ளைய நான் கதிருக்கு அனுப்ப முடியாதுக்கா."

அதுவும் நியாயம்தான். ஆள் உருவப் பொம்மையைக் கட்டிலில் படுக்க வைத்து, அதே கதிரை அவ்வளவு நேரமே விடுவது என்று முடிவானது. புதுச் சில்லுகளை அடுப்பில் வைத்துவிட்டு, சுட்டு ஆறும் வரைக்கும் சில்லக்கா பக்கத்திலேயே நின்றாள். கால் கடுத்தும் ஸ்டூலில் உட்காரவில்லை. சாயங்காலம் சார் தோளுக்குப் பின்னால் நிற்க, பொம்மைமேல் ஒட்டிக் கதிர் வாங்கிய சில்லுகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து மெஷினில் வைத்தாள். மூன்றாவது ஏறத் தொடங்கியபோது சார் இன்னும் குனிந்து பார்த்தார். மற்ற இரண்டையும்விடத் தாழ்வாகவே நின்றது.

சார் அதை வைத்தியம் நடக்கும் எல்லா நாளுக்கும் பெருக்கிப் பார்த்தார். அளவுக்குள்தான். தொடரலாம் என்று ஒரு தாளில் எழுதினார். இனிமேல் சில்லக்கா சில்லு அளப்பதை இன்னொருவர் கூட இருந்து பார்க்க வேண்டும் என்று இன்னொன்றில் எழுதினார். இரண்டிலும் அவள் கையெழுத்துப் போட்டாள்.

வராந்தாவுக்கு அவளே போய், காலையில் நடந்த தப்பு தன்னுடையது, பிள்ளைக்கு எட்டுவது அளவுக்குள்தான் என்று மாமியாரிடம் ஒளிக்காமல் சொன்னாள். கிழவி நிமிர்ந்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவாள் என்றுதான் சில்லக்கா நின்றாள்.

"சரி, அப்ப நாளைக்கு எத்தன மணிக்குக் கூட்டிட்டு வரணும்?" என்றாள் கிழவி.