லுனேட்டாவில் இறங்காதவள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கதை கட்டுகிற அளவுக்கு எனக்குப் படிப்பும் இல்லை, பொழுதும் இல்லை. என் வண்டியில் ஏறினவள். என்னிடம் பேசினவள். அவ்வளவுதான் சொல்வேன்.

மணிலாவின் பழைய கோட்டைக்குள் குதிரை வண்டி ஓட்டுகிறேன். பெயர் தெபான். குதிரையின் பெயர் கித்லாத், மின்னல் என்று அர்த்தம். பெயர்தான் மின்னல், நடை எருமை நடை. சான் அகுஸ்தின் கோயில், பேராலயம், சந்தியாகோ கோட்டை, மதில், கடைசியில் லுனேட்டா பூங்கா. நான் தூங்கிவிட்டாலும் அவனே போய்ச் சேர்த்துவிடுவான்.

வெளிநாட்டுக்காரர்கள் இந்த இடங்களைப் பார்க்க வருகிறார்கள். எங்கள் ஆட்கள் வேறு காரியத்துக்கும் வருவார்கள். சாவுக்குப் போனவர்கள் இங்கே நேரே வீடு திரும்ப மாட்டார்கள். திரும்பினால் இறந்தவர் கூடவே வந்துவிடுவார். வெளிச்சமும் கூட்டமும் உள்ள இடமாகப் பார்த்துச் சுற்றி, அவருக்கு வழி தப்பவைத்த பிறகுதான் வீடு. அதனால் என் மாலைச் சவாரியில் பாதி துக்கச் சவாரி.

அன்றைக்கும் அப்படித்தான். பேராலயத்து வாசலில் பொழுது சாயும் நேரம். அக்காளும் தம்பியுமாக இரண்டு பேர், கறுப்பு உடையில். அக்காள் டெலியா. தம்பி அர்னெல். அவன் முகத்தில் உயிரே இல்லை.

"கல்லறையிலேருந்து வர்றோம்ணே. ஒரு சுத்து சுத்தி லுனேட்டாவுல விடுங்க. அங்க கொஞ்ச நேரம் கூட்டத்துல சுத்திட்டு நாங்க ஜீப்புல போயிக்கிறோம்," என்றாள் டெலியா.

நான் குனிந்து சேணத்து வாரை இறுக்கினேன். நிமிர்ந்தபோது பின் இருக்கையில் அவர்கள் இருவரும் இருந்தார்கள். எதிர்ப்பலகையில், என் முதுகுக்குப் பின்னால், ஓர் இளம்பெண் இருந்தாள். வெள்ளைக் கவுன். இவர்கள் வீட்டுப் பெண்தான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

சான் அகுஸ்தின் கோயிலில் இருவரும் இறங்கி மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அவள் இறங்கவில்லை. கோட்டை வாசலிலும் இறங்கவில்லை. அவளிடம் அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. துக்கம் இருக்கட்டும், கூட வந்தவளை இப்படியா ஒதுக்குவது?

"நீயும் இறங்கிப் பாரேம்மா," என்றேன்.

மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அப்போதுதான் கவனித்தேன். அவள் கவுனின் மார்பு நனைந்திருந்தது. நானும் நாலு பிள்ளை பெற்றவன், அது என்னவென்று தெரியும். பால் கட்டி வழிகிறது. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

காலில் செருப்பு இல்லை.

கித்லாத் வழியெல்லாம் காதை மடித்துக்கொண்டே நடந்தான்.

லுனேட்டாவில் நீரூற்று வண்ண வண்ணமாக எரிந்துகொண்டிருந்தது. ஒரே கூட்டம், பலூன், பாட்டு. அக்காளும் தம்பியும் இறங்கினார்கள். அர்னெல் ஒரு கணம் தயங்கி நின்றான்.

"பின்னால பார்க்காம நட," என்று டெலியா அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

கூட்டத்தில் மறைந்து போனார்கள்.

அவள் மட்டும் வண்டியில்...

"என்னம்மா இது, உன்ன விட்டுட்டுப் போயிட்டாங்களே!"

"வீட்டுக்குப் போகணும்ணே." குரல் கிணற்றடியிலிருந்து வருவதுபோல் வந்தது. "பிள்ள அழுவுது. வழி தெரியல. எல்லாப் பக்கமும் வெளிச்சமா இருக்கு..."

மனசு கேட்கவில்லை. இப்படியும் மனிதர்களா என்று அவர்களைத் திட்டிக்கொண்டே கேட்டேன்.

"வீடு எங்க?"

"சான் நிக்கோலாஸ். பழைய ஐஸ் கிடங்குக்குப் பின்னால."

ஆற்றுப் பாலத்தில் ஏறினோம்.

ஏற்றத்தில் ஆள் இருந்தால் வண்டி பின்னுக்கு இழுக்கும். அன்று இழுக்கவில்லை. காலி வண்டி போல ஏறியது.

அப்புறம் அந்தச் சத்தம்.

குழந்தை அழுகை.

இன்னும் ஆற்றைக்கூடத் தாண்டவில்லை. லாரி இரைச்சல், ஹாரன்... எல்லாவற்றுக்கும் மேலே அழுகை. என் காதுக்குள்ளேயே அழுதது.

"சீக்கிரம்ணே..."

திரும்பவில்லை. திரும்பத் துணிவில்லை.

ஐஸ் கிடங்கு. சந்து. தகரக் கதவு.

கித்லாத் தானாக நின்றான். உடம்பெல்லாம் நடுக்கம்.

உள்ளே குழந்தை வீறிட்டது.

கதவு திறக்கவில்லை.

அழுகை... நின்றது.

பட்டென்று.

திரும்பிப் பார்த்தேன். பலகை காலி. தொட்டேன். ஈரம்.

சாட்டையை எடுத்தது தெரியும். லாயத்துக்கு எப்படி வந்தேன் என்பது தெரியாது.

மூன்று மாதம் கழித்து அர்னெல் தனியாக என்னைத் தேடி வந்தான். தாடி வளர்ந்து, பாதி ஆளாகியிருந்தான்.

"புதைச்ச அன்னிக்கு எங்க வீட்டு வாசல்ல ஒரு குதிர வண்டி வந்து நின்னதா பக்கத்து வீட்டுல சொன்னாங்க. நீங்களாண்ணே?"

"நான்தான். உங்ககூட வந்த பொண்ண அநியாயமா விட்டுட்டுப் போனீங்களே..."

"நானும் அக்காவும் ரெண்டு பேர்தாண்ணே வந்தோம்."

அவளுடைய வெறுங்கால் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊரில் இறந்தவருக்குச் செருப்பு போடாமல்தான் புதைப்போம். வீட்டுக்குள் காலடிச் சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காக. அது அன்றைக்கு எப்படி எனக்குத் தோன்றாமல் போனது?

"என் பொண்டாட்டி நியேவெஸ்," என்றான். "காய்ச்சல்ல போயிட்டா. அவ போனதுலேருந்து பிள்ள ஒரு சொட்டு குடிக்கல. புட்டியக் காட்டுனா முகத்தத் திருப்பிக்கும். பொழைக்காதுன்னே நெனச்சோம்."

"இப்ப?"

"அன்னிக்கு நாங்க வீட்டுக்குப் போனப்போ தூங்கிட்டிருந்துச்சு. வாயோரம் பால். பார்த்துக்கிட்ட பொண்ணு நான் எதுவும் குடுக்கலன்னு சத்தியம் பண்ணுது. இன்னிவரைக்கும் புட்டியத் தொடல. ஆனா உருண்டையா இருக்குண்ணே."

பாதிரியாரைக் கூப்பிட்டு வீட்டை மந்திரிக்கச் சொன்னேன்.

"அக்காவும் அதத்தான் சொல்றா. நான் விடல. பிள்ளைக்கு அவ வேணும்." குதிரையின் பிடரியைத் தடவினான். "அவள கூட்டிட்டு வந்ததுக்கு உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன்."

போகத் திரும்பினவன் நின்றான்.

"தினம் ராத்திரி தொட்டில்கிட்ட உக்காந்திருக்கா. நானும் பக்கத்துலயே உக்காந்து, நியேவெஸ், நியேவெஸ்னு கூப்பிடுறேன்..."

மறுபடி குதிரையின் பிடரியில் கை வைத்தான்.

"என்ன நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டேங்கிறாண்ணே."