விருந்தாளியின் உயரம்

கோலி உருண்டு போய் சோபாவுக்கு அடியில் மறைந்தது. பிளம்பர் முட்டி போட்டு, கன்னத்தைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதைத் தேடினார். "உங்க வீட்டுத் தரை பொய் சொல்லுதும்மா. பாக்க மட்டமா இருக்கு. ஆனா தண்ணி ஊத்துனா அத்தனையும் சோபாவுக்குத்தான் போகும்" என்றார். பச்சைக் கோலி அது. மற்றவர்கள் பேனா குத்திக்கொள்ளும் பையில் இவர் அதை வைத்திருக்கிறார். ரசமட்டமும் வைத்திருக்கிறார், உறை பிரிக்காமல். "அது மட்டத்தைக் காட்டும். தண்ணி போற வழியைக் காட்டாது."

வயது ஐம்பது இருக்கும். குட்டையான உருவம், தோள் மட்டும் இரண்டு ஆளுக்கு உண்டு. பைப் மூட்டில் சுற்றும் வெள்ளை டேப்பால் மூக்குக் கண்ணாடியின் காலைச் சுற்றியிருப்பார், செல்போனைச் சுற்றியிருப்பார். வந்த இரண்டாம் நாளே எங்கள் வீட்டு டார்ச் விளக்குக்கும் சுற்றிவிட்டார், யாரும் கேட்காமலே. ஒழுகுகிற குழாய் அவர் பாஷையில் 'அழுவுது'. நாற்காலி கொடுத்தால் உட்கார மாட்டார். தன்னுடைய நீல வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில்தான் உட்காருவார்.

மாடிப்படிக்கு அடியில் ஒரு கழிப்பறை கட்டத்தான் அவரை அழைத்திருந்தோம். முதல் நாள் எல்லாரும் கேட்கிற கேள்வியைத்தான் அவரும் கேட்டார். "யாருக்கும்மா?"

"விருந்தாளிக்கு" என்று நான், என் கணவர், என் மாமனார் மூவரும் ஒரே குரலில் சொன்னோம்.

எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. விஷயம் வேறு. என் மாமனாருக்குக் கீழே அறை, கழிப்பறையோ மாடியில். நடுவில் பதினேழு படி. நில அளவைத் துறையில் காடு மேடெல்லாம் சங்கிலி இழுத்து நடந்த ஆறடி மனிதருக்கு இப்போது முட்டி மடங்க மறுக்கிறது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. படி ஏறுவதைக் குறைக்கத் தண்ணீரைக் குறைத்துக்கொண்டார், அவ்வளவுதான். நான் வைக்கிற டம்ளர் மூடி போட்டபடி சாயங்காலம் வரை அப்படியே இருக்கும். போன மாதம் நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து படுத்தார். "தண்ணியே குடிக்கிறதில்லையா?" என்று டாக்டர் கேட்டதற்கு, "குடம் குடமா குடிக்கிறேன்" என்று கூசாமல் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட நினைத்தேன். ஆனால் மருமகள் மாமனாரிடம் பேசுகிற பேச்சா இது? கடைசியில் என் கணவர்தான் 'வர்றவங்க போறவங்களுக்கு' என்று ஒரு கதை கட்டினார். "விருந்தாளிக்குன்னா சரி" என்று மாமா பெரிய மனது பண்ணினார்.

பிளம்பர் எங்கள் மூவரையும் பார்த்தார். மூடி போட்ட டம்ளரையும் ஒரு பார்வை பார்த்தார். "சரி, விருந்தாளிக்கு ஒசத்தியாவே செஞ்சிருவோம்" என்றார்.

என் கணவர் ஒரு படம் வரைந்து வைத்திருந்தார். படியின் தாழ்ந்த பக்கத்தில் கழிப்பறைக் கோப்பை. உயர்ந்த பக்கத்தில் அவருடைய உடற்பயிற்சி சைக்கிள் நிற்கிறதே, அதை எப்படி நகர்த்துவது? ஈரத் துணியெல்லாம் அதில்தான் காய்கிறது. பிளம்பர் படத்தை வாங்கிப் பார்க்கவில்லை. சாக்பீஸால் தரையில் கோடு போட்டு, நடுவில் வாளியைக் கவிழ்த்து, "உக்காந்து எந்திரிங்க சார்" என்றார். என் கணவர் உட்கார்ந்து எழுந்து, "பாருங்க, இடிக்கவே இல்ல" என்றார். அவர் தன் அம்மாவைக் கொண்டு பிறந்தவர். ஐந்தடி மூன்று அங்குலம்.

"விருந்தாளி உங்க உயரமா சார்?"

பிளம்பர் மாமா பக்கம் திரும்பினார். "ஐயா, விருந்தாளி இங்க இல்ல பாருங்க. அவருக்குப் பதிலா நீங்க ஒரு தடவை உக்காந்து காட்டுங்களேன்."

ஊருக்கு உபகாரம் செய்கிறவர் போல மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்தார். உட்கார்ந்தார். எழுந்தார். மேலே படியின் அடிப்பக்கத்தில் 'ணங்'கென்று ஒரு சத்தம். தலையைத் தடவிக்கொண்டே, "விருந்தாளிக்கு அடிபடும்" என்று தீர்ப்பு சொன்னார். நான் அடுப்படிக்கு ஓடிப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

பிளம்பர் தலையைப் பார்க்கவே இல்லை. எழும்போது மாமாவின் இடது கை பிடிமானம் தேடிச் சுவரைத் துழாவியது, அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் வாளியை உயர்ந்த பக்கத்துக்கு நகர்த்தி, அடியில் செங்கல் அடுக்கி, "இன்னொரு தடவை ஐயா" என்றார். மறுபடி இன்னொரு தடவை. மூன்று புள்ளி சேர்ந்ததும்தான் விட்டார்.

சைக்கிளுக்காக என் கணவர் இரண்டு நாள் போராடினார். "சார், அதுல ஏறி இதுவரைக்கும் எங்கயாச்சும் போயிருக்கீங்களா?" என்று பிளம்பர் கேட்டதோடு சைக்கிள் மொட்டைமாடிக்குப் போனது.

எட்டாம் நாள், புள்ளி வைத்த இடத்தில் ஒரு எஃகுக் கம்பி ஏறியது. "இது எதுக்குப்பா?" என்று மாமா சந்தேகமாகக் கேட்டார்.

"துண்டு போடத்தாங்கய்யா." சொல்லிவிட்டு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, காலைத் தூக்கி, முழு உடம்பும் தொங்கினார். கம்பி அசையவில்லை. மாமா பார்த்துக்கொண்டே நின்றார். "ஈரத் துண்டு கனமா இருக்கும்ல ஐயா" என்றார் இவர், தொங்கியபடியே.

கடைசி நாள் புதுத் தரையில் கோலியை விட்டார். அது ஒரு வளைவு எடுத்து, நேராக நீர் போகும் துளையில் போய் நின்றது. வாளி வாளியாக ஊற்றினார், மூன்று தடவை ஃப்ளஷ் இழுத்தார், சுவரில் காதை வைத்துக் கேட்டார். "அழுவல."

"அப்ப முடிஞ்சுதா?" என்றேன்.

"ஒரு டெஸ்ட் பாக்கிம்மா. ஒரு சொம்பு தண்ணி குடுங்க."

கொடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு நேராக மாமாவிடம் போய் நீட்டினார். "ஐயா, விருந்தாளி எப்ப வருவாரோ தெரியாது. டெஸ்ட் முடியாம நான் கிளம்ப முடியாது. நீங்கதான் மனசு வைக்கணும்."

மாமா அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். மாமா அண்ணாந்து சொம்பைச் சரித்தார். தொண்டை ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டு நின்றேன். எண்ணிக்கை பாதியில் கண் கலங்கிவிட்டது. சொம்பைக் கீழே வைக்காமலே, "இன்னும் கொஞ்சம் இருக்காம்மா?" என்று கேட்டார்.

அரை மணி நேரம் போயிருக்கும். மாமா எழுந்து படியடிக்குப் போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நானும் என் கணவரும் நின்றோம். பிளம்பர் தன் நீல வாளியைத் தூக்கி, புதுக் கதவுக்கு முதுகைக் காட்டிக் கவிழ்த்துப் போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.